நிருபர் தொழிலும் காஜுலு லட்சுமிநரசு செட்டியார் சரிதமும்

(காலடிப்பேட்டையில் கூடிய நம் சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நிருபர் தொழிலைக் குறித்து இன்று பேசுமாறு நம் சங்கக் காரியதரிசி அவர்கள் எமக்குக் கட்டளையிட்டார்கள். இராயபுரத்திற்கும் எண்ணூருக்கும் இடைப்பட்ட இக்கரைப்பகுதியின் செய்திகளை யாம் பல்லாண்டுகளாகத் திரட்டிப் பத்திரிகைகளுக்கு எழுதி வருகின்றோம். அவ்வனுபவத்தை எடுத்துரைப்பின் நம் பிள்ளைகளுக்குப் பயன்படும் என்று அவர்கள் கருதினார்கள் போலும். எம் அனுபவம் சிறிது. அதனை வேண்டும் இடத்திற் குறிப்பிடுவோம். ஆயினும், இத்தொழில் எதன்பொருட்டு உண்டாயிற்று, இதனை மேற்கொள்வோன் எவற்றை இழக்க நேரிடும், இழந்தும் எதனை ஈட்டுவான் என்பவற்றை அறிய விரும்புவோர் இந்நகரிலேயே வாழ்ந்து மறைந்த ஒரு பெரியாரின் சரிதத்தை அறிதல் வேண்டும். அவர் காஜுலு லட்சுமிநரசு செட்டியார் ஆவர்.

நிருபம் என்பது கடிதம். கடிதம் எழுதுவோன் நிருபர். ஓரூரில் நிகழ்ந்ததை மற்றோரூரில் உள்ளார் அறியுமாறு எழுதி விடுப்பவன் என்பதே அச்சொல்லின் பொருள். ஆதலின் நிருபன் புலவனாதல் வேண்டும் என்பதில்லை. பட்டதாரியாதலும் வேண்டும் என்பதில்லை. கண் திறந்திருத்தல் வேண்டும். கேட்டதைக் கேட்டவாறு எழுதக் கை நடுங்காதிருத்தல் வேண்டும். இவ்விரண்டும் எளியனபோலத் தோன்றும். இவற்றுள் இரண்டாவது எத்துணை அரிது என்பதைப் பின்னர்க் காண்போம்.

ஊர்ச்செய்தி எழுதுவதால் வரும் பயன் யாது என்று சிலர் வினவுவர். நம் ஊர்ப் பெயரே இதற்கு விடை கூறும். 1717 முதல் 1720 வரை சென்னைக் கோட்டையிற் கவர்னராக இருந்தவர் ஜோசப் காலெட் என்னும் ஆங்கிலேயர். கம்பெனியார்க்குத் துணி வேண்டியிருந்தது. துணிக்கு நெசவாளர் வேண்டியிருந்தனர். அவர்களைக் குடியேற்றத் திருவொற்றியூருக்கு அணித்தாக அவர் அமைத்த ஊர் காலெட்பேட்டை எனப் பெயர் பெற்றது. அப்பெயர் மக்கள் நாவில் உருண்டு காலடிப்பேட்டை ஆயிற்று. கல்யாண வரதராசப் பெருமாள் கோயிலும் அக்காலத்து எழுந்ததே. மூன்றாண்டு ஆண்டு தம் நாடு சென்ற கவர்னரின் பெயரை ஊர் இன்றும் சுமந்து நிற்கின்றது. தறியிட்டுப் பாவு விரித்துத் தலைமுறை தலைமுறையாக இங்கேயே வாழ்ந்து மண்ணான மக்களின் பெயரை ஊர் சுமக்கவில்லை. அவர்கள் பெற்ற கூலி எவ்வளவு, பட்ட கடன் எவ்வளவு, அவர்களை ஏய்த்தவர் யாவர், காத்தவர் யாவர் என்பவற்றை நமக்குச் சொல்ல அக்காலத்து ஊர்ச்செய்தி எழுதுவோர் ஒருவரும் இலர். எழுதாத மக்கள் எண்ணப்படாத மக்கள் ஆவர்.

இனி அப்பெரியாரின் சரிதத்தைத் தொடங்குவோம். லட்சுமிநரசு செட்டியார் 1806-ஆம் ஆண்டு சென்னையிற் பிறந்தார். தந்தையார் சித்துலு செட்டியார். நீல வியாபாரத்திற் பொருள் ஈட்டியவர். நீலம் என்பது துணிக்குச் சாயம் ஏற்றும் அவுரி நீலம். நெசவாளன் கையும் சாயக்காரன் கையும் வணிகன் கையும் ஒன்றோடொன்று பிணைந்திருந்த காலம் அது. ஆதலின் அவர் குடி நம் முன்னோர் தொழிலுக்குத் தொலைவில் இருந்த குடி அன்று. அவர் பெருங் கல்லூரிகளிற் பயின்றாரல்லர். அக்காலத்து இந்நகரில் அத்தகைய கல்லூரிகளும் இல்லை. இளமையிற் சிறிது கல்வி பெற்றுத் தந்தையின் கடையிலேயே தொழில் பழகினார். கடைக்கு வருவோர் வியாபாரம் மட்டுமா பேசுவர்? எந்தத் தாலுகாவில் மழை பொய்த்தது, எந்தக் கிராமத்தில் ஜப்தி நடந்தது, எவன் நிலத்தை விட்டு ஓடினான் என்பனவும் அங்கே வந்து சேரும். செய்தி வந்து குவியும் இடம் கடைத்தெரு என்பது இன்றும் மெய்யே. அவர் அச்செய்திகளைக் கேட்டார். கேட்டதோடு அமையாமல் நினைவிலும் வைத்தார்.

அந்நாளிற் சென்னையிற் பத்திரிகைகள் இல்லாமல் இல்லை. 1785-லேயே 'மதராஸ் கூரியர்' என்னும் பத்திரிகை தொடங்கிற்று. ஆனால் அதுவும் அதன் பின்வந்தனவும் ஐரோப்பியரால் ஐரோப்பியர்க்கு நடத்தப்பெற்றவை. எக்கப்பல் வந்தது, எத்துரை மாற்றலானார், எவர் மாளிகையில் விருந்து நடந்தது என்பனவே அவற்றுக்குத் தலையாய செய்திகள். நாட்டுக் குடியானவன் பெயர் அவற்றில் இடம்பெறுமாயின், அது பெரும்பாலும் குற்றவாளியின் பெயராகவே இருக்கும். இந்நிலை கண்டு மனம் பொறாத லட்சுமிநரசு செட்டியார் தம் வியாபாரப் பணத்தைக் கொண்டு 'நேடிவ் சர்க்குலேட்டர்' என்னும் பத்திரிகையை வாங்கினார். அதன் பெயரைக் 'கிரெசண்ட்' என்று மாற்றினார். 1844 அக்டோபர் 2-ஆம் நாள் அதன் முதல் இதழ் வெளிவந்தது. நாட்டு மக்களின் நிலையைச் சீர்ப்படுத்துதலே அதன் நோக்கம் என அறிவிக்கப்பெற்றது. ஆங்கிலத்திற் பழுதின்றி எழுத வேண்டி எட்வர்டு ஹார்லி என்னும் ஆங்கிலேயரையே ஆசிரியராக அமர்த்திக்கொண்டார். ஆளுவோர்க்குப் புரியும் மொழியில் ஆளப்படுவோர் துன்பத்தைச் சொல்ல வேண்டும் என்பது அவர் கருத்து.

அரசாங்கத்தார் இதனை விரும்பினாரல்லர். சலுகைகள் மறுக்கப்பெற்றன; கோட்டை கெஜட்டில் அப்பத்திரிகையின் விளம்பரம் இடம்பெறவும் இடந் தரப்படவில்லை. செட்டியாரோ சளைத்திலர். அரசாங்கம் ஒரு மதத்தாரின் பக்கம் சாய்தல் ஆகாது என்றும், பொதுப்பள்ளிகளில் ஒரு சமயநூலைப் பாடமாக நுழைத்தல் தகாது என்றும் எழுதினார்; 1846-இல் நகர மக்களைக் கூட்டி விண்ணப்பமும் அனுப்பினார். 1852-இல் சென்னைச் சுதேசிகள் சங்கம் தோன்றியது அவர் முயற்சியாலேயே. கம்பெனியின் சாசனம் 1853-இற் புதுப்பிக்கப்படவிருந்த தறுவாயில், இராஜதானியின் குறைகளையெல்லாம் தொகுத்து அச்சங்கத்தார் பார்லிமெண்டுக்கு நெடிய மனு ஒன்றை விடுத்தனர். வரிச்சுமை, நீதிமன்றத் தாமதம், சாலையும் ஏரியும் பழுதுபட்டுக் கிடத்தல், கல்வியின்மை ஆகியன அதிற் கூறப்பெற்றன.

நிற்க. இனிச் சொல்லப்போவதே அவர் வாழ்வின் தலையாய நிகழ்ச்சி. அக்காலத்துக் கிஸ்தி கட்டத் தவறிய குடியானவனைச் சித்திரவதை செய்து பணம் பறிக்கும் வழக்கம் இந்நாட்டிற் பரவியிருந்தது. விரல்களை இரு கட்டைகளுக்கிடையே வைத்து நெரிப்பர். அதற்குக் கிட்டி என்று பெயர். மனிதனைக் குனியவைத்துக் கயிற்றாற் பிணித்து, நிமிர இயலாதவாறு வெயிலில் நிறுத்துவர்; அதற்கு அண்ணாந்தாள் என்று பெயர். முதுகின்மேற் கல் ஏற்றுவதும், உண்ணவும் உறங்கவும் விடாது தடுத்து வைப்பதும் உண்டு. இவை ஊரறிந்த செய்திகளே. ஆயினும் எழுதப்பட்ட செய்திகள் அல்ல. ஊர் அறிந்திருந்தும் ஏட்டில் ஏறாத கொடுமைக்கு மேலதிகாரி பொறுப்பேற்க வேண்டுவதில்லை. "எமக்கு அத்தகைய முறையீடு ஒன்றும் வரவில்லை" என்று ஒரு வரி எழுதினால் அவர் கடமை முடிந்தது.

லட்சுமிநரசு செட்டியார் இவ்வரியையே உடைக்கத் துணிந்தார். இங்கிலாந்தில் இந்தியச் சீர்திருத்தச் சங்கத்தைச் சேர்ந்தவரும் பார்லிமெண்டு அங்கத்தினருமான டான்பி சீமோர் என்பவர் 1853-இல் சென்னைக்கு வந்தார். செட்டியார் அவரை வரவேற்று உபசரித்து, நகரத்து மாளிகைகளைக் காட்டி அனுப்பிவிடவில்லை. தாமும் உடன்சென்று ஜில்லாக்களுக்கு அழைத்துப் போனார். குடிகளே தம் வாயால் தம் துன்பத்தைச் சொல்லுமாறு செய்தார். நிருபர் தொழிலின் இலக்கணம் முழுதும் இச்செயலில் அடங்கியுள்ளது என்பது எம் துணிபு. பாதிக்கப்பட்டோன் இருக்கும் இடத்திற்குச் செல்லுதல். இடையில் நின்று மறைக்காது அவன் சொல்லை அவன் சொல்லாகவே கேட்கச் செய்தல். பிறகு அதனை அதிகாரம் உள்ளார் செவியிற் சேர்த்தல். இவற்றிற்கு மேல் நிருபன் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

சீமோர் திரும்பிச் சென்றார். 1854 ஜூலையில் பார்லிமெண்டில் இப்பொருள் விவாதிக்கப்பெற்றது. இத்தகைய கொடுமை இல்லவே இல்லை என்று மறுத்தாரும் உளர். ஆயினும் பேச்சு எழுந்தபின் அதனை அடக்க இயலவில்லை. அவ்வாண்டிலேயே சென்னை அரசாங்கம் விசாரணைக் கமிஷன் ஒன்றை நியமித்தது. எலியட், ஸ்டோக்ஸ், ஜான் புரூஸ் நார்ட்டன் என்னும் மூவர் அதன் அங்கத்தினர். முறையிட விரும்புவோர் வரலாம் என்று அறிவிக்கப்பெற்றது. ரெயில் இல்லாத காலம். கையிற் காசில்லாத மக்கள். இருந்தும் நூற்றுக்கணக்கானோர் நெடுந்தொலைவு நடந்து நேரில் வந்தனர். எஞ்சியோர் கடிதம் விடுத்தனர். 1,900-க்கு மேற்பட்ட முறையீடுகள் குவிந்தன. 1855-இல் வெளிவந்த அறிக்கை, சித்திரவதை நடந்தது உண்மையே என ஒப்புக்கொண்டது. அவ்வறிக்கையின் பகுதிகளைக் கார்ல் மார்க்ஸ் 1857 செப்டம்பரில் நியூயார்க்கு நகரப் பத்திரிகை ஒன்றில் எடுத்தெழுதி உலகறியச் செய்தார். தென்னாட்டுக் கிராமத்துக் குடியானவனின் நெரிந்த விரல் அமெரிக்க நாட்டாரின் கண்முன் வந்து நின்றது. ஊர்ச்செய்தி சிறு செய்தி என்பார்க்கு இதனையே விடையாகக் கூறுவோம்.

அன்பர்களே! இவ்விடத்தில் ஒன்றை உற்று நோக்குதல் வேண்டும். கிட்டி கட்டியவன் யார்? வெள்ளைக்காரத் துரையா? அன்று. தாசில்தாரின் கீழிருந்த சேவகனும், கிராமத்து உத்தியோகஸ்தனுமே கட்டினர். அவர்கள் நம் நாட்டார். நம் மொழி பேசியவர். கட்டுண்டவனின் ஊராரும் உறவினருமாகவும் இருந்திருப்பர். எங்களை எம்மவரின் கொடுமையிலிருந்து காப்பாற்றுங்கள் என்பதே மக்களின் கூக்குரல் என்று கமிஷனார் எழுதினர். மேலதிகாரிகளின் அசட்டையை மறைக்க இச்சொல் பயன்பட்டது என்பது உண்மையே. வரி தண்டும் அதிகாரத்தையும் போலீஸ் அதிகாரத்தையும் ஒரே கையில் வைத்து, எவ்வாறேனும் பணம் வந்தால் போதும் என்று கண்ணை மூடிக்கொண்டவர் மேலிருந்தவரே. ஆயினும் அக்கூக்குரலிற் பொய்யில்லை.

லட்சுமிநரசு செட்டியார் இதனை முன்னரே அறியாதவரா? அறிந்தவரே. "இதனை வெளியிடின் குற்றம் நம்மவர் தலைமேலும் விழும்; நாட்டார்க்கு அவமானம் வரும்; அடங்கி இருத்தலே நன்று" என்று அவர் எண்ணியிருப்பின், அவரைக் குறைகூறுவார் அக்காலத்தில் எவருமிலர். அவ்வாறு அவர் எண்ணவில்லை. அவமானம் கிட்டி கட்டியவனைச் சேர்ந்ததேயன்றி, அதனை எடுத்துச் சொன்னவனைச் சேர்ந்ததன்று என்று கொண்டார். அதன் பயன் வீண்போகவில்லை. 1859-இல் இயற்றப்பெற்ற போலீஸ் சட்டத்தால் இவ்விராஜதானியிற் போலீஸ் இலாகா வரி இலாகாவினின்றும் பிரிக்கப்பெற்றுத் தனியே அமைந்தது. போலீஸ் கொடுமை அதனோடு ஒழிந்துவிட்டது என்று யாம் கூறவில்லை. வரி கேட்கும் கையே கிட்டியும் கட்டலாம் என்னும் நிலை மாறியது, அம்மட்டும் நன்மையே.

அவருடைய பிற்கால வாழ்வைச் சுருக்கமாகச் சொல்லி முடிப்போம். எந்த அரசாங்கம் அவரை ஐயுற்றதோ அதே அரசாங்கம் அவருக்குச் சி.எஸ்.ஐ. பட்டம் வழங்கியது, 1863-இற் சட்டசபை அங்கத்தினராகவும் நியமித்தது. ஆனால் பத்திரிகையும் பொதுக்காரியமும் அவர் செல்வத்தைக் கரைத்துவிட்டன. 1868-இல் அவர் இறந்தபோது தந்தையார் வைத்துச் சென்ற பெருஞ்செல்வம் அவரிடம் இல்லை. செல்வத்தை இழந்தவர் என்று அவரைச் சொல்லுதல் பொருந்தாது. தம் செல்வத்தை எதற்குச் செலவிட வேண்டும் என்பதை அறிந்து செலவிட்டவர் என்பதே பொருந்தும்.

செட்டியார் வைத்த வித்து அவரோடு மடியவில்லை. அவர் மறைந்து பத்தாண்டுகட்குப் பின், 1878 செப்டம்பர் 20-ஆம் நாள், ஜி. சுப்பிரமணிய ஐயர் முதலிய ஆறு இளைஞர்கள் 'ஹிந்து' பத்திரிகையைத் தொடங்கினர். ஒரு ரூபாய் பன்னிரண்டணா கடன் வாங்கி, நம் வடசென்னைத் தங்கசாலைத் தெருவில் இருந்த அச்சுக்கூடத்தில், 80 பிரதிகள் அச்சிட்டனர். ஆங்கிலம் அறிந்தவர் சிலரே என்பதை உணர்ந்த ஐயர் 1882-இல் 'சுதேசமித்திரன்' என்னும் தமிழ்ப் பத்திரிகையையும் தோற்றுவித்தார். அவர் எழுதியதைத் தம் வீட்டிலும் நடத்திக் காட்டியவர். இளமையிற் கைம்மை எய்திய தம் மகளுக்கு 1889-இல் மறுமணம் செய்வித்தார். அதனால் உற்றார் உறவினரின் வெறுப்பைத் தேடிக்கொண்டார். பின்னர் 1942-இல் சி. பா. ஆதித்தனார் மதுரையில் 'தந்தி' நாளிதழைத் தொடங்கிப் பேச்சு வழக்குக்கு அணித்தான தமிழில் ஊர்ச்செய்திகளை வெளியிட்டார். எழுத்துக்கூட்டிப் படிப்போரும் தேநீர்க் கடையிற் பத்திரிகை படிக்கும் காலம் வந்தது. ஆங்கிலத்தில் தொடங்கிய பத்திரிகைத் தொழில் தமிழுக்கு வந்து, தமிழிலும் தெருவுக்கு வந்த வரலாறு இது.

தெருவுக்கு வந்த செய்தி நம் தெருவில் என்ன செய்தது? 2017 ஜனவரி 28-ஆம் நாள் விடியற்காலை எண்ணூர்க் காமராசர் துறைமுகத்திற்கு வெளியே இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. கடலில் எண்ணெய் பரவவில்லை என்றே துறைமுகத்தார் முதலில் அறிவித்தனர். அறிவிப்புத்தாள் வெண்மையாக இருந்தது. எர்ணாவூர்க் கரையோ கரி படிந்தது. கரிய எண்ணெயையும் அதில் மூழ்கிச் செத்த ஆமைகளையும் முதலிற் கண்டவர் மீனவர். அவர்கள் சொன்னதைக் கேட்டு, கரைக்குச் சென்று, படம் எடுத்து எழுதியவர்கள் ஊர்ச்செய்தி நிருபர்கள். அதன் பின்னரே எண்ணெய் பரவியதை மறுப்பார் இலராயினர். அங்கே வாளிகளைக் கொண்டு எண்ணெயை அள்ளிய மக்களை நம்மிற் பலர் நேரிற் கண்டிருப்பர்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தையும் வீடுகளையும் அழுக்காக்கியது. அவ்வெள்ளம் வடிந்த சில நாட்களில், டிசம்பர் 26-ஆம் நாள் நள்ளிரவை ஒட்டிப் பெரியகுப்பத்தில் ஓர் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயினின்றும் அம்மோனியா வாயு கசிந்தது. உறங்கிய குழந்தைகளை வாரி எடுத்துக்கொண்டு மக்கள் இருளில் ஓடினர். பலர் மருத்துவமனையிற் சேர்க்கப்பெற்றனர். இத்தகைய வேளைகளில் முதல் அறிவிப்பு, பெரிதாக ஒன்றுமில்லை என்பதாகவே இருத்தலைக் காண்கின்றோம். 1854-இல் மறுத்துரைத்தோர் சொன்னதும் அதுவே. அம்மறுப்பை மறுக்க வல்லது, அவ்விடத்தில் இருந்த ஒருவன் கண்டெழுதிய சொல்லே. டில்லியிலிருந்து எழுதுவோன் இரண்டாம் நாள் வருவான். ஊர்நிருபன் அன்றிரவே மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு அங்கே நிற்பான்.

இத்தொழிலின் ஊதியத்தைப் பற்றியும் மறையாது சொல்வோம். ஊர்நிருபர் பலர் மாதச் சம்பளம் பெறுவோர் அல்லர். வெளிவந்த செய்தியின் அளவுக்கு ஏற்பக் கூலி பெறுவோர். நெய்த முழத்திற்குக் கூலி வாங்கிய நம் முன்னோர் நிலைக்கும் இதற்கும் வேற்றுமை சிறிதே. கூலி குறைவாக உள்ள இடத்திற் சோதனை மிகுதி. கூட்டம் முடிந்ததும் உறையில் இட்ட பணம் ஒன்று கைக்கு வரும். அதனை வாங்கியவன் அன்றே நிருபன் ஆகாதவன் ஆனான், விளம்பரக்காரன் ஆனான். நம் பிள்ளைகளுள் இத்தொழிலை நாடுவோர் வேறொரு வருவாயையும் தேடிக்கொண்டு இதில் இறங்குதல் நன்று. பசியோடு இருப்பவனை விலைக்கு வாங்குதல் எளிது.

இவற்றினும் பெரிய சோதனை ஒன்று உளது. அது வெளியாரால் வருவதன்று, நம்மவரால் வருவது. சில ஆண்டுகட்கு முன் இவ்வட்டாரத்துப் பட்டறை ஒன்றிற் பெண்கள் பலருக்கு மூன்று மாதக் கூலி நிறுத்தப்பட்டிருந்தது. அப்பெண்களின் வீடு சென்று யாம் விசாரித்தோம், முதலாளியின் சொல்லையும் கேட்டு எழுதினோம், செய்தி வெளிவந்தது. பட்டறைக்காரர் நம் மரபினர். கூலி இழந்த பெண்களிற் பாதிப்பேரும் நம் மரபினரே. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியோர் சிலர் எம் இல்லம் வந்தனர். "நம்மவனை நீயே காட்டிக் கொடுக்கலாமா?" என்று கேட்டனர். அப்பெரியோர்பால் எமக்கு மதிப்பு உண்டு. ஆதலின் பொறுமையாகவே விடை கூறினோம். "ஐயா! நம்மவர் என்று நீங்கள் சொல்லும்போது அப்பட்டறைக்காரர் ஒருவரே உங்கள் நினைவுக்கு வருகின்றார். அப்பெண்களும் நம்மவர் அல்லரோ?" என்றோம். அவர்கள் சிறிது நேரம் வாளா இருந்தனர். பின்னர் அவருள் ஒருவரே நடுவில் நின்று பேசிக் கூலியில் பெரும்பகுதியை வாங்கிக் கொடுத்தார். அப்பெரியாருக்கு இச்சபையில் எம் நன்றியைச் செலுத்துகின்றோம்.

இந்நிகழ்ச்சியை எம் பெருமைக்காகக் கூறினோமல்லோம். சங்கம் என்பது எதற்கு என்னும் வினா இதில் அடங்கியுள்ளது. நம் மாத வெளியீட்டைப் புரட்டிப் பாருங்கள். திருமணங்கள், பட்டம் பெற்றோர் படங்கள், நன்கொடையாளர் பெயர்கள், இரங்கற் குறிப்புகள் ஆகியன உள்ளன. இவை வேண்டியனவே, ஒருவர் சிறப்பில் மற்றவர் மகிழ்தல் உறவின் அடையாளம். ஆனால் சீட்டுப் பிடித்து ஏழைகள் பணத்தோடு ஒருவர் மறைந்தாரெனின் அது நம் வெளியீட்டில் உண்டா? பத்தாம் வகுப்பிற் படிப்பை நிறுத்தி மணம் பேசப்பட்ட பெண் குழந்தையின் செய்தி உண்டா? கல்வி நிதி யார் யாருக்குக் கொடுக்கப்பட்டது, எவருக்கு மறுக்கப்பட்டது என்னும் கணக்கு உண்டா? நம் குறையை நாம் எழுதாவிட்டால் பிறர் எழுதுவர். பிறர் எழுதும்போது அதில் இகழ்ச்சி கலந்திருக்கும். நாமே எழுதுங்கால் அதில் திருத்தும் எண்ணம் இருக்கும். வேற்றுமை அவ்வளவே.

மரபின் மானம் போய்விடும் என்று அஞ்சுவோர்க்கு ஒன்று சொல்வோம். வைத்தியரிடம் புண்ணைக் காட்டுவதால் மானம் போவதில்லை. மறைத்து அழுகவிட்டால் காலே போகும். லட்சுமிநரசு செட்டியார் நம் நாட்டாரின் புண்ணைப் பார்லிமெண்டு வரைக்கும் காட்டினார். அதனால் நாடு இழிந்துவிடவில்லை, சிறிது நிமிர்ந்தது.

எனினும், எழுதுவதற்கு நெறி வேண்டும். நெறியற்ற எழுத்து வம்பு ஆகும். நம் இளைஞர்களுக்காக அந்நெறிகளை நான்காக வகுத்துரைப்போம். முதலாவது: கண்டது வேறு, கேட்டது வேறு, இரண்டையும் கலவாமல், கேட்டதை இன்னாரிடம் கேட்டோம் என்று தெளிவாக எழுதுக. இரண்டாவது: குற்றம் சாட்டப்பெற்றவரிடம் சென்று அவர் விடையைக் கேளாமல் ஒரு வரியும் அச்சேற்றற்க, அவர் விடை எவ்வளவு சிறிதாயினும் அதனைச் சேர்க்க. மூன்றாவது: துன்புற்ற பெண்டிர், குழந்தைகள் ஆகியோரின் பெயரையும் அடையாளத்தையும் காக்க, செய்தியின் வலிமை பெயரில் இல்லை. நான்காவது: தவறாக வெளிவந்தது எனத் தெரிந்தால் அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் வெளியிடுக. கைத்தொலைபேசியில் வந்ததை வந்தவாறே பத்துப் பேருக்கு அனுப்பும் இக்காலத்தில் இந்நான்கும் நிருபர்க்கு மட்டும் உரியன அல்ல. நம் ஒவ்வொருவர்க்கும் உரியன.

இறுதியாக, இச்சபையின்முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கின்றோம். ஒன்று: நம் மாத வெளியீட்டில் 'முறையீடு' என்னும் தலைப்பில் ஒரு பக்கம் ஒதுக்குக. மேற்கூறிய நெறிகளுக்கு உட்பட்டு, சங்க உறுப்பினர் எவரும், அவர் சந்தா செலுத்த இயலாத ஏழையாயினும், அதில் எழுதலாம் என்று விதி செய்க. சங்க நிர்வாகிகளின்மேல் வரும் முறையீட்டையும் அப்பக்கம் மறுத்தல் ஆகாது. மற்றொன்று: காலடிப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர்ப் பகுதிகளிலிருந்து ஆணும் பெண்ணுமாகச் சில இளைஞரைத் தேர்ந்து, செய்தி எழுதப் பழக்குக. வாரம் ஒரு நாள் அவர்களுக்குக் கற்பிக்கும் பொறுப்பை யாம் கூலியின்றி ஏற்கின்றோம். பெண்களை விடாது சேர்க்குமாறு தாய்மார்களை வேண்டுகின்றோம். குடிதண்ணீர்க் குழாயடியிலும், ரேஷன் கடை வாயிலிலும், மருத்துவமனைத் திண்ணையிலும் வாழ்க்கையின் உண்மையை முதலில் அறிபவர் அவர்களே.

லட்சுமிநரசு செட்டியார் பெருஞ்செல்வர். நாம் அத்தகையோர் அல்லோம். ஆனால் அவர் ஒருவர் தாங்கிய சுமையை நாம் நூற்றுக்கணக்கானோர் பகிர்ந்து தாங்கலாம். நம் சந்தா ஒவ்வொன்றும் அச்சுமையில் ஒரு பங்கு. அவர் தம் நாட்டாரின் துன்பத்தையும், அத்துன்பத்தில் தம் நாட்டார்க்கு இருந்த பங்கையும் ஒருங்கே வெளியிட்ட துணிவை நாம் நம் சிறிய எல்லைக்குள் மேற்கொள்வோமாக. 'முறையீடு' பக்கம் அமைப்பதா, வேண்டாவா என்பதை அடுத்த கூட்டத்தில் வாக்கெடுத்து முடிவு செய்யுமாறு அக்கிராசனர் அவர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கின்றோம்.